ஒப்பமும் மூச்சும்: பின்லாந்துக் கலைக்கண்ணாடி பற்றிய ஒரு நோக்கு

கலைப்படைப்பொன்றின் ஆக்கியோன் யார் என்ற வினா, தனியொருவர் எழுதும் கவிதையைப் பொறுத்தவரை பெரும்பாலும் எழுவதில்லை. ஒருவர் வரைய, வேறு சிலர் உலையருகே நின்று உருவாக்கும் ஆக்கங்களில் அது தவிர்க்க முடியாததாகின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலர்ச்சியுற்ற பின்லாந்துக் கலைக்கண்ணாடி இதற்குத் தக்க சான்றாகும். இன்று சேகரிப்போர் தேடி வாங்கும் இப்பொருள்கள் பலவற்றின் அடிப்பாகத்தில் வடிவமைப்பாளரின் பெயரும் தொழிற்சாலையின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தம் மூச்சால் உருவாக்கியோரின் பெயரை அங்குக் காண்டல் அரிது. இவ்வின்மை தற்செயலானதன்று.

பின்லாந்தில் கண்ணாடித் தொழில் பழமை வாய்ந்தது. நூத்தயார்வித் தொழிற்சாலை 1793இலும் ஈத்தலா 1881இலும் தோன்றின. எனினும், அல்வர் ஆல்ட்டோ 1936இல் வரைந்த அலைவடிவப் பூச்சாடியை ஒதுக்கி நோக்கின், இத்துறையின் உலகப்புகழ் போருக்குப் பிற்பட்டதேயாம். 1944இல் போர்நிறுத்தம் செய்துகொண்ட அந்நாடு, 1952 வரை சோவியத் ஒன்றியத்திற்குப் போரிழப்பீடு செலுத்த நேர்ந்தது. பொருளாதார நெருக்கடி மிக்க அக்காலத்தில் தன்னை உலகிற்கு அறிமுகஞ்செய்ய அதற்கோர் உருவம் தேவைப்பட்டது. கலைக்கண்ணாடி அவ்வுருவங்களுள் ஒன்றாயிற்று. 1951ஆம் ஆண்டு மிலான் திரியன்னாலே கண்காட்சியில் தப்பியோ விர்க்கலா மூன்று பெரும்பரிசுகளைப் பெற்றார். 1954இல் திமோ சார்ப்பனெவா அங்குப் பெரும்பரிசு பெற்றார். தொழிற்சாலைக்கும் தேசத்திற்கும் முகமாக நிற்கத் தனிமனிதர் சிலர் வேண்டியிருந்தனர். அடியிற் பொறித்த ஒப்பம் இத்தேவையின் விளைவெனல் பொருந்தும்.

இக்கண்ணாடியை விளக்க முற்பட்டோர் பலர் பனி, ஏரி, காடு என்னும் இயற்கைக் கூறுகளையே முதன்மைப்படுத்தினர். இவ்விளக்கம் முற்றிலும் தவறானதன்று. விர்க்கலாவின் 'கந்தரெல்லி' காளானின் வடிவத்தையும், 1968இல் வெளிவந்த 'உல்த்திமா தூலே' உருகும் பனிக்கட்டியின் மேற்பரப்பையும் நினைவூட்டுவன. ஆயின், இயற்கையே கண்ணாடியாக மாறிற்று என்பதுபோற் பேசும்போது இடையில் நிகழ்ந்த உழைப்பு மறைந்துவிடுகின்றது. கந்தரெல்லியின் மேனியிலுள்ள நுண்கோடுகள் காளானிலிருந்து வந்தவையல்ல. ஊதி முடித்த பாத்திரத்தின் மீது கைத்திறன் மிக்கோர் செதுக்கியவை. உல்த்திமா தூலேயின் அச்சினை விர்க்கலா தம் கையாலேயே செதுக்கினார். எனினும் அவ்வச்சுக்கேற்ற ஊதுமுறை கைவரப்பெறுவதற்கு உலைக்களத்தில் நெடிய முயற்சி வேண்டியிருந்தது.

சார்ப்பனெவாவின் ஆக்கங்கள் இவ்வுண்மையை மேலும் தெளிவாக்குகின்றன. அவரது 'ஓர்க்கிட்' பாத்திரத்தின் உட்குழிவு, கொதிக்கும் கண்ணாடித் திரளினுள் ஈரமான மரக்குச்சியைச் செலுத்த எழும் நீராவியினால் தோன்றுவது. எக்கணத்திற் குச்சியைச் செலுத்துவது, எக்கணத்தில் எடுப்பது என்பதை வரைபடம் கூறாது, கை அறியும். 1964இல் அவர் அறிமுகஞ்செய்த 'பின்லாந்தியா' வரிசை இதனினும் ஒரு படி மேற்சென்றது. அங்கு மர அச்சின் உட்புறம் ஒவ்வொரு வார்ப்பின்போதும் கருகி மாறுவதால், ஒரு பாத்திரம் மற்றொன்றை முற்றாக ஒத்திருப்பதில்லை. வடிவமைப்பாளர் தம் ஆதிக்கத்தின் ஒரு பகுதியை நெருப்பிற்கு விட்டுக்கொடுத்தார். இருந்தும் ஒப்பம் அவருடையதாகவே இருந்தது.

இம்முரண்பாட்டினை நன்குணர்ந்தவராகக் காய் பிராங்க் (1911–1989) விளங்குகின்றார். நூத்தயார்வியின் கலை இயக்குநராகப் பணிபுரிந்த இவர், அன்றாடப் பாவனைப் பொருள்களை வடிவமைப்பாளரின் பெயரை முன்னிறுத்தி விற்பதை 1960களில் எதிர்த்தார். பொருள் தன் பயனாற் பேசவேண்டுமேயன்றிப் பெயராற் பேசலாகாது என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். எனினும் அந்நிலைப்பாடு ஒரு பாதியையே தீர்த்தது. வடிவமைப்பாளரின் பெயரை நீக்குவதால் ஊதுநரின் பெயர் வந்துவிடாது; அவர் முன்னரே பெயரற்றவர். மேலும், பிராங்க் உருவாக்கிய தனிக்கலைப் பொருள்களும் இன்று அவர் பெயராலேயே சேகரிக்கப்படுகின்றன. ஒய்வா தொய்க்கா 1972இல் தொடங்கிய கண்ணாடிப் பறவைகளும் அவ்வாறே. ஒவ்வொரு பறவையும் கையால் ஆக்கப்படுவதால் சிறிதளவேனும் வேறுபடும். அவ்வேறுபாட்டையே சேகரிப்போர் விரும்புகின்றனர். அதற்குக் காரணமான கையையோ அவர்கள் அறியார்.

இஃது அழகியற் பிரச்சினை மட்டுமன்று. ரீஹிமாக்கித் தொழிற்சாலை 1976இல் வாயால் ஊதும் முறையைக் கைவிட்டு, 1990இல் மூடப்பட்டது. இருநூறாண்டு கடந்த நூத்தயார்வியிலும் 2014இல் உற்பத்தி நின்றது. உலை அணையும்போது பொருள் அரிதாகின்றது. அரிதாகும்போது விலை உயர்கின்றது. சேகரிப்பாளனுக்கு இலாபமாவது தொழில் மரபிற்கு இழப்பாகின்றது. ஒப்பமிட்ட வரைபடத்தைக் காப்பகத்திற் பேணலாம். மூச்சின் அளவையும் மணிக்கட்டின் சுழற்சியையும் அவ்வாறு பேண இயலாது. அவை ஒருவரருகே மற்றொருவர் ஆண்டுக்கணக்கில் நின்று கற்பவை. 2023இல் யுனெஸ்கோ, பின்லாந்து உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நாடுகளின் கைவினைக் கண்ணாடித் தொழிலறிவை மானிடத்தின் புலனாகா மரபுரிமையாகப் பதிவுசெய்தமை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. பொருளையன்றி அறிவையே மரபாகக் கொண்ட அப்பதிவு காலந்தாழ்ந்து வந்த நியாயமெனலாம்.

விர்க்கலா, சார்ப்பனெவா, பிராங்க் ஆகியோரின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவது இதன் கருத்தன்று. உலைக்களத்தின் இயல்பை அறிந்து, அதனோடு ஒட்டிச் சிந்தித்தமையே அவர்தம் சிறப்பு. அச்சிறப்பினை ஏற்கும் விமர்சனம், அவர்கள் யாரோடு சேர்ந்து சிந்தித்தனர் என்பதையும் கூறக் கடமைப்பட்டுள்ளது. பாத்திரத்தின் அடியிலுள்ள ஒப்பத்தை வாசிப்பது எளிது. அதன் சுவரில் உறைந்துள்ள மூச்சை வாசிக்கக் கற்கும்போதே பின்லாந்துக் கலைக்கண்ணாடி பற்றிய மதிப்பீடு முழுமை பெறும்.