கையூன்றும் சிகிச்சை: ஒரு மதிப்பீடு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலுள்ள பட்டறை ஒன்றில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு, அகல் விளக்கும் கொலுப் பொம்மையும் ஃப்யூஸ் கேரியரும் உருவாவதில் மனிதத் தோள் எவ்வளவு பாரத்தை ஏற்கிறது என்பது எளிதில் விளங்கும். காற்றுக் குமிழ் போகும்படி களிமண்ணைப் பிசைகிறவர் முழங்கைகளை நீட்டி, உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பின் கனத்தையே மண்ணின்மேல் இறக்குகிறார். களிக்கரைசல் வார்த்த பிளாஸ்டர் அச்சுகளைக் கையாள்கிறவர், ஈரம் குடித்துக் கனத்துப்போன அச்சை மார்போடு அணைத்துத் தூக்கி, கவிழ்த்துப் பிடித்து, எஞ்சிய கரைசல் முழுவதும் வடியும்வரை அப்படியே நிற்கிறார். உலரவைக்கும் தட்டுகளில் அடுக்குகிறவரோ, பச்சைப் பொருள் ஒன்றுகூடச் சரியாதபடி பலகையைத் தலைக்கு மேலே ஏந்தி மெதுவாக உள்ளே தள்ளுகிறார். ஆண்டுக்கணக்காக இப்படி உழைத்த தோள், ஐம்பது வயதை நெருங்கும்போது ஒருநாள் கொண்டை முடியவும் முந்தானையைச் சரிசெய்யவும் கையை உயர்த்த மறுக்குமானால், அதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை.

அத்தகைய தோளுக்கு இயன்முறை மருத்துவர்கள் இன்று விதிக்கும் அப்பியாசங்களுள் ஒன்று, கையைச் சுவரிலோ மேசையிலோ தரையிலோ ஊன்றி, உடம்பின் எடையைப் படிப்படியாகத் தோளின்வழி இறக்குவது. நம் தேகப்பயிற்சிச் சாலைகளில் தலைமுறை தலைமுறையாக எடுக்கப்பட்டுவந்த தண்டாலின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இது. ஆயினும் மல்லனின் சரீரத்துக்கு உரமேற்றுவதற்காக எழுந்த ஒரு பயிற்சி, நோயுற்ற தோளுக்கு மருந்தாக வரும்போது அதன் குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

தோள்மூட்டின் அமைப்பே இந்தச் சிகிச்சைக்கு முதல் நியாயத்தைத் தருகிறது. தோள்பட்டை எலும்பிலுள்ள குழி ஆழமற்றது. மேற்கை எலும்பின் உருண்ட தலையில் சிறு பாகமே எந்த நிலையிலும் அதனோடு பொருந்தி நிற்கிறது. இந்தத் தலை குழியைவிட்டு நழுவாமல் நான்கு சிறிய தசைகள் அதைச் சுற்றி நின்று காக்கின்றன. அவற்றுள் மேலே இருப்பது சூப்ராஸ்பைனேட்டஸ், பின்புறம் இருப்பது இன்ஃப்ராஸ்பைனேட்டஸ். கையை வெறும் காற்றில் உயர்த்தும்போது டெல்டாய்டு தசை எலும்புத் தலையை மேல்நோக்கி இழுக்க, அந்த இழுப்பை அடக்கும் வேலை முழுவதும் இச்சிறு தசைகளின்மேல் விழுகிறது. கையை ஊன்றிய நிலையிலோ உடம்பின் பாரமே எலும்புத் தலையைக் குழியோடு அழுத்திப் பிடிப்பதால், மூட்டு நிலைபெற்ற பிறகே தசை வேலை செய்யத் தொடங்குகிறது. வலியால் பயந்துபோன தோளுக்கு இது சாதாரண அநுகூலம் அன்று.

இந்த அநுகூலத்தை எண்களால் காட்டிய ஆராய்ச்சிகளில் முக்கியமானது, அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் உல் முதலியோர் 2003-ல் வெளியிட்டது. ஆரோக்கியமான 18 பேரை ஏழு நிலைகளில் கையூன்றச் செய்து, ஒரு கையின்மேல் இறங்கும் பாரத்தையும், ஐந்து தசைகளில் எழும் மின்னலைகளையும் அவர்கள் பதிவுசெய்தனர். ஆழத்திலுள்ள தசைக்கு மெல்லிய கம்பி மின்முனையை உள்ளே செலுத்தியே அளந்தார்கள். முதல் நிலைக்கு அவர்கள் பிரார்த்தனை நிலை என்று பெயரிட்டிருக்கிறார்கள்; முழந்தாளிட்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, கைகளை முன்னே தரையில் வைப்பது அது. விருத்தாசலம் பழமலைநாதர் சந்நிதியில் பஞ்சாங்க நமஸ்காரம் செய்யும் நம் பெண்களுக்கு அந்நிலையைக் கற்பிக்க வேண்டியதே இல்லை. அதில் ஒரு கையின்மேல் இறங்குவது உடல் எடையில் சுமார் 6 சதவீதம். கைகளும் முழந்தாள்களும் ஊன்றிய நான்கு கால் நிலையில் அது 19 சதவீதம். அதே நிலையில் ஒரு கையை எடுத்துவிட்டால், ஊன்றிய கைக்கு 32 சதவீதம். முழுத் தண்டால் நிலையில் 34 சதவீதம். ஒற்றைக் கையால் தண்டால் எடுக்கும்போது 60 சதவீதம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் தொழிலாளிக்கு இதைக் கணக்கிட்டால், மூன்று கிலோவில் தொடங்கி, ஒன்பதரை, பதினாறு, பதினேழு என்று ஏறி, முப்பது கிலோவில் முடியும். இரும்புக் குண்டும் இல்லாமல், யந்திரமும் இல்லாமல், உடம்பின் நிலையை மாற்றுவதாலேயே மருந்தின் அளவை இத்தனை நுட்பமாகக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது என்பதுதான் இம்முறையின் தலையாய குணம் என்று நான் கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் இந்தக் குணத்துக்குத் தனி மதிப்பு உண்டு. 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர் நோயாளியின் வீட்டுக்கே செல்கிறார். அங்கே அவருக்குக் கிடைப்பது ஒரு சுவர், ஒரு பாய், அதிர்ஷ்டம் இருந்தால் ஆட்டம் காணாத ஒரு மேசை. கையூன்றும் அப்பியாசத்துக்கு இவை போதும். அவர் அடுத்த முறை வரும்வரை நோயாளி தானாகவே அதைத் தொடரவும் முடியும்.

இனி, அந்த எண்களை வைத்துக்கொண்டு எழும் பிழைகளைப் பார்க்க வேண்டும்; கட்டுரையின் பாரம் இங்கேதான் இருக்கிறது. பாரம் ஏற ஏறத் தசைகளின் முயற்சியும் ஏறுகிறது என்று அந்த ஆராய்ச்சி மொத்தமாகக் காட்டியது உண்மை. ஆனால் தசைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. ஒரு கையை எடுத்த மூன்று கால் நிலையிலும் முழுத் தண்டால் நிலையிலும் கையின்மேல் இறங்கும் பாரம் ஏறக்குறைய ஒன்றே. இருந்தும் மார்புத் தசையின் முயற்சி முன்னதில் அதன் உச்ச வலிமையில் சுமார் 16 சதவீதம், பின்னதில் 33. டெல்டாய்டின் பின்பகுதியிலோ இது தலைகீழாகி, முன்னதில் 27, பின்னதில் 18. கை ஒன்றை எடுத்தவுடன் உடம்பு ஒருபக்கமாகத் திரும்பிச் சாயப் பார்க்க, அந்தத் திருகலைத் தடுக்கும் வேலை தோளின் பின்புறத்துக்குப் போவதே இதற்குக் காரணம். ஆகவே எத்தனை கிலோ என்ற கேள்விக்கு முன்னால், எந்த நிலையில், எந்தத் தசைக்காக என்ற கேள்வி வந்தாக வேண்டும். தண்டாலை உயர்ந்த படியாகவும் மூன்று கால் நிலையைத் தாழ்ந்த படியாகவும் மட்டுமே வைத்து, எல்லாரையும் ஒரே வரிசையில் ஏற்றுகிற பழக்கம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

சூப்ராஸ்பைனேட்டஸின் விஷயம் இன்னும் முக்கியமானது. தோளில் கிழிபடும் தசைநார்களில் பெரும்பாலும் முதலில் கிழிவது இதனுடையதே. முழுத் தண்டாலில்கூட இத்தசையின் முயற்சி அதன் உச்ச வலிமையில் சுமார் 14 சதவீதத்தைத் தாண்டவில்லை. பக்கத்திலுள்ள இன்ஃப்ராஸ்பைனேட்டஸோ 44 சதவீதம் உழைக்கிறது. கிழிந்த நாரைத் தைத்து மூடிய பிறகு அதை உலுக்காமல் மற்றத் தசைகளை எழுப்ப வேண்டிய சமயத்தில் இந்தக் குறைந்த எண் ஒரு வரப்பிரசாதம். ஆறின பிறகு அதே தசைக்கு உரமேற்ற வேண்டிய சமயத்திலோ, அதே எண் ஒரு பற்றாக்குறை. ஒரே அப்பியாசம் ஆறாம் வாரத்தில் குணமாகவும் ஆறாம் மாதத்தில் குறையாகவும் இருக்க முடியும் என்பதை உணராமல், கையூன்றல் நல்லதா கெட்டதா என்று பொதுவில் விவாதிப்பதில் பிரயோஜனம் இல்லை.

மின்னலையின் உயரத்தையே வைத்தியமாக எண்ணிவிடுவது மற்றொரு பிழை. தசை எவ்வளவு முயன்றது என்பதைத்தான் மின்னலை சொல்லும். மூட்டின் வழுவழுப்பு திரும்பியதா, வலி தணிந்ததா, பலகையை ஏந்தத் தைரியம் வந்ததா என்பதைச் சொல்லாது. அளக்கப்பட்டவர்களும் நோயில்லாதவர்கள். வலியுள்ள தோளில் மூளையே தசையை அடக்கிவைப்பதால், அந்த எண்களை நோயாளியின்மேல் அப்படியே சாத்துவது சரியன்று. தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிக்கும் செரேட்டஸ் ஆன்டீரியர் அந்த ஐந்து தசைகளில் சேரவே இல்லை. பட்டை எலும்பு சிறகுபோலப் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கிற நோயாளிக்கு முதலில் எழுப்ப வேண்டிய தசை அதுதான்; தண்டாலின் முடிவில் முழங்கை நீண்ட பிறகும் இன்னும் ஓர் அங்குலம் முதுகை மேலே தள்ளினால் அது நன்றாக உழைக்கிறது என்பதை வேறு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குத் தோன்றும் குறை, அப்பியாசத்துக்கும் பட்டறைக்கும் இடையிலுள்ள தூரம். கையூன்றும் நிலைகளில் பெரும்பாலானவற்றில் கை மார்புக்கு நேரே நிற்கிறது. பட்டறைத் தட்டோ தலைக்கு மேலே. கை முழுவதும் உயர்வதற்கு மேற்கை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேர்ந்து சுழல வேண்டும் என்பதையும், ஏறக்குறைய இரண்டு பங்கு முன்னதும் ஒரு பங்கு பின்னதும் என்ற கணக்கில் அந்தச் சுழற்சி நிகழ்கிறது என்பதையும் 1944-லேயே இன்மன், சாண்டர்ஸ், அபட் ஆகியோர் எழுதிவைத்தார்கள். தரையில் எத்தனை தண்டால் எடுத்தாலும் அந்தக் கூட்டுச் சுழற்சி கைவந்துவிடாது. வெறுங்கையையும், பிறகு சிறு எடையையும் காற்றில் உயர்த்திப் பழகியே அது வரவேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருகிற தோள் இறுக்கத்திலோ, சுருங்கிய மூட்டுறையைத் தளர்த்துவதே முதல் வேலை. அங்கே கையை ஊன்றி உரமேற்றப் பார்ப்பது காலவிரயம். களிமண் பிசைந்து சோர்ந்த மணிக்கட்டை முழுவதும் மடித்து ஊன்றச் சொல்வதும், தேய்ந்த முழங்காலைத் தரையில் வைக்கச் சொல்வதும் சிலருக்கு ஒரு வலிக்குப் பதில் இரண்டு வலியைக் கொடுக்கும்; அவர்களுக்குச் சுவரும், மூடிய முஷ்டியும், மேசை விளிம்பும் உதவும்.

பாரம் அளவு மீறினால் தோள் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் வழியாக ஒரு சாட்சியம் உண்டு. 1954-ல் விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு, பிற்பாடு சக்கர நாற்காலியிலிருந்தே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியால், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. கால்கள் செயலிழந்தவர் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கியாக வேண்டும். அந்தத் திறமைதான் அவரைச் சுதந்திர மனிதராக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய தோளில் வலியை மிகுதியாக உண்டாக்குவதும் அதே ஊன்றல்தான். மண் பிசைகிறவரின் நிலை இதற்கு அருகிலே இருக்கிறது. பகலெல்லாம் கையூன்றி உழைத்தவரை மாலையில் மறுபடியும் கையூன்றச் சொல்வதற்கு முன்னால், அவருடைய தோள் அன்று ஏற்கெனவே எவ்வளவு சுமந்திருக்கிறது என்று வைத்தியர் கேட்டாரா? கேட்காமல் எழுதிய சீட்டு, கூலிக்குச் செய்த உழைப்பையே மருந்தென்று திருப்பிக் கொடுப்பதாக முடியும்.

ஆகையால் என் தீர்ப்பு இது: சிகிச்சையின் முற்பாதியில், மூட்டு நிலையற்றும் நோயாளி பயந்தும் இருக்கும் காலத்தில், கையூன்றும் முறைக்கு நிகரான எளிய சாதனம் வேறில்லை. பிற்பாதியில் அது துணை அப்பியாசமாக ஒதுங்கி நிற்க, தலைக்கு மேல் கையை உயர்த்தும் பயிற்சி முன்னுக்கு வரவேண்டும். விருத்தாசலத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் தோள் நோயைப் பார்க்கும் இயன்முறை மருத்துவர்கள், நோயாளியின் வயதையும் சர்க்கரை அளவையும் எழுதிக்கொள்ளும் சீட்டிலேயே அவர் வேலைசெய்யும் தட்டின் உயரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டறை உடைமையாளர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது: மேல்தட்டைக் காலியாக விட்டு, கனத்த பலகைகளை மார்பின் உயரத்துக்கு இறக்கி வையுங்கள்.