ஒரே வீட்டில் ஐந்து குடித்தனம்

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்து திசைகளிலிருந்து வரும் ரயில் பாதைகள் விழுப்புரத்தில் கூடுகின்றன. பாதைகள் ஓரிடத்தில் கூடுவதால் பயணிக்கும் வசதி, ரயில்வேக்கும் சிக்கனம். ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. ரயில்கள் நின்றன, பல ரத்தாயின, பல வேறு வழியில் திருப்பி விடப்பட்டன. விழுப்புரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்க்காரர்களும் ரயில் நிலையங்களில் காத்துக் கிடந்தார்கள். வசதி வந்ததும் தொல்லை வந்ததும் ஒரே காரணத்தால்தான்: பாதைகள் ஓரிடத்தில் கூடியிருந்தன.

வணிக நிறுவனங்களின் கணிப்பொறி அறைகளிலும் இன்று இத்தகைய கூட்டல் நடைபெறுகிறது. அதற்கு மெய்நிகராக்கம் என்று பெயர். அதன் பெருமையைப் பலர் எழுதிவிட்டனர். அப்பெருமை உண்மையானதே. ஆயினும் அதை ஏற்கும் முறையில் உள்ள குறைகளை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய்நிகராக்கம் என்றால் என்ன?

சர்வர் என்றவுடன் ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர் நம் நினைவுக்கு வருவார். கணிப்பொறித் துறையிலும் ஏறத்தாழ அதே பொருள்தான். கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துத் தரும் கணிப்பொறியே சர்வர். தமிழில் சேவையகம் என்பர்.

விழுப்புரத்தில் தலைமையிடமும் திண்டிவனத்தில் கிளையும் உள்ள ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்குக்கு ஒன்று, சரக்கிருப்புக்கு ஒன்று, சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என அங்கே ஐந்து சேவையகங்கள் உள்ளன. சம்பளப் பட்டியல் எந்திரத்துக்கு மாதக் கடைசியில்தான் வேலை. மற்ற நாட்களில் சும்மா சுழன்றுகொண்டு மின்சாரம் குடிக்கும். தனித்தனியே ஐந்து வீடு கட்டி, ஒவ்வொன்றிலும் ஒருவரைக் குடிவைத்தது போன்ற வீண்செலவு இது.

இதற்குப் பதிலாக ஒரு பெரிய வீடு கட்டி ஐந்து குடித்தனங்களையும் அதில் வைத்தால் என்ன? இதுவே மெய்நிகராக்கம். ஆற்றல் மிக்க ஒரே சேவையகத்தில் ஹைப்பர்வைசர் எனப்படும் மென்பொருளை நிறுவுவார்கள். அது வீட்டுக்காரரைப் போல நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் வட்டின் இடத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும். ஒவ்வொரு குடித்தனமும் ஒரு மெய்நிகர் கணிப்பொறி. தனக்கென ஒரு முழு எந்திரம் இருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும். பக்கத்து அறையில் நடப்பது அதற்குத் தெரியாது.

இக்கருத்து பழையது. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே இதைச் செய்து பார்த்து, 1972-ல் தன் 370 வரிசைக் கணிப்பொறிகளுக்கான விற்பனைப் பொருளாக வெளியிட்டது. ஓர் எந்திரம் இவ்வாறு பங்கிடப்படத் தக்கதா என்பதைக் கண்டறியும் நிபந்தனைகளைப் போபெக், கோல்ட்பர்க் என்னும் இருவர் 1974-ல் வகுத்தனர். கடைகளில் கிடைக்கும் இன்டெல் வகைச் செயலிகளின் கட்டளைகளுள் சில அந்நிபந்தனைக்கு அடங்கவில்லை. 1998-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட வீஎம்வேர் நிறுவனம், அடங்காத கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உத்தியால் இத்தடையைத் தாண்டியது. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் செயலியிலேயே இதற்கு வசதி செய்து கொடுத்தன. அதன்பின் பெரிய நிறுவனங்களில் மட்டும் இருந்த இம்முறை சிறு நகரங்களின் அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்தது.

மிச்சம் எவ்வளவு?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பழைய சேவையகம் ஒன்றுக்கு 200 வாட் என்று கொள்வோம். ஐந்துக்கும் சேர்த்து 1,000 வாட். புதிய பெரிய சேவையகத்துக்கு 350 வாட் எனில் மிச்சம் 650 வாட். இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 15.6 யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 யூனிட். குளிர்சாதனச் செலவு குறைவது தனி.

விற்பனையாளர் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிடுவார். முதலாளியும் மகிழ்ந்து கையெழுத்திடுவார். என் முதல் ஆட்சேபம் இங்குதான். ஐந்து எந்திரங்களில் ஒன்று பழுதானால் மற்ற நான்கு ஓடின. இப்போது உள்ள ஒன்று பழுதானால் கணக்கும் போயிற்று, சரக்கிருப்பும் போயிற்று, சம்பளமும் போயிற்று. வேலைகளைக் கூட்டியபோது ஆபத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டோம்.

ஆகையால் சேவையகங்கள் இரண்டாவது இருக்க வேண்டும். ஒன்று விழுந்தால் அதன் குடித்தனங்கள் அனைத்தையும் மற்றொன்று தாங்க வேண்டும். அதாவது, இரண்டில் எதிலும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பாதி காலியாக இருக்கிறதே என்று புதிய வேலைகளை ஏற்றினால் இரண்டு வாங்கியதன் பயன் போய்விடும். இரண்டுக்கும் 700 வாட் என்றாலும் முன்னைவிட 300 வாட் குறைவுதான். ஆண்டுக்கு 2,600 யூனிட்டுக்கு மேல் மிச்சம். எனவே மெய்நிகராக்கம் நட்டக் கணக்கு அன்று. முதற் கணக்கில் காட்டப்பட்ட மிச்சத்தில் பாதிக்கு மேல் உண்மையில் மிச்சமே இல்லை என்பதே செய்தி. அது பாதுகாப்புக்குச் சேர வேண்டிய பணம். அதையும் இலாபம் என எண்ணி எடுத்துக்கொள்பவர் பின்னால் வட்டியோடு கட்ட நேரும்.

வீட்டுக்காரர் அறையின் பூட்டு

குடித்தனக்காரர் ஒவ்வொருவரும் தம் கதவைப் பூட்டிக்கொள்கிறார்கள். எல்லா அறைகளின் மாற்றுச் சாவியும் வீட்டுக்காரர் அறையில் தொங்குகிறது. அந்த அறை திறந்து கிடந்தால்?

2023 பிப்ரவரியில் அதுவே நடந்தது. வீஎம்வேரின் ஹைப்பர்வைசரில் இருந்த ஓர் ஓட்டை வழியே பணயத் திருடர்கள் நுழைந்து, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான சேவையகங்களின் மெய்நிகர் கணிப்பொறிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டனர். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வெளியாகிவிட்டது. இரண்டு ஆண்டுகள் அதை நிறுவாமல் இருந்தவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர். “ஓடுகிற எந்திரத்தில் கைவைக்காதே” என்பது நம் அலுவலகங்களில் வேதவாக்கு. ஐந்து வேலைகளை நிறுத்தித்தான் திருத்த முடியும் என்னும்போது யாருக்கும் மனம் வருவதில்லை. இரண்டாவது சேவையகம் இருந்தால் குடித்தனங்களை அங்கே மாற்றிவிட்டு முதலாவதைத் திருத்தலாம், வேலை நிற்காது. பழுதுக்காக வாங்கியது பராமரிப்புக்கும் உதவுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. புதிய மெய்நிகர் கணிப்பொறியைச் சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம். பெட்டி வாங்க வேண்டியதில்லை, பில் வருவதில்லை. ஆகவே சோதனைக்கென ஒன்று, தணிக்கைக்கென ஒன்று என்று குடித்தனங்கள் பெருகும். உருவாக்கியவர் வேலையை விட்டுப் போனபின் அது எதற்காக ஓடுகிறது என்று எவருக்கும் தெரியாது. யார் கேட்டார்கள், எதற்காக, எந்தத் தேதி வரை என மூன்று விவரங்களை ஒரு பேரேட்டில் எழுதிவைத்தால் போதும். இதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை.

நிழற்படம் நகலாகாது

மெய்நிகர் கணிப்பொறியின் நிலையை அப்படியே பதிவுசெய்து, தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி ஒன்று உண்டு. அதை ஸ்னாப்ஷாட் என்பர். இது இருக்கிறதே என்று காப்பு நகல் எடுக்காமல் விட்டுவிடுபவர் பலர். பெரும்பாலான அலுவலகங்களில் ஸ்னாப்ஷாட் இருப்பது அதே வட்டில். வட்டு எரிந்தால் அதுவும் எரியும். வீட்டுப் பத்திரத்தை அந்த வீட்டுப் பரணிலேயே வைத்திருப்பது போன்றது இது.

இத்தகைய பிழை சிறு நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகளைச் சேமித்த ஓர் அமைப்பில் இருந்த 858 டெராபைட் தரவுக்கு வெளியே நகல் இல்லாததால் அது அழிந்தே போயிற்று. மின்னணுத் துறையில் முன்னணியில் நிற்கும் நாட்டில் நடந்தது இது.

மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு படியாவது வேறிடத்தில் என்பது இத்துறையின் பழைய விதி. விழுப்புரத்து நகலைத் திண்டிவனக் கிளையில் வைத்தால் தீயிலிருந்து தப்பும். ஆனால் இரண்டு ஊர்களுக்கும் இடையே 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஃபெஞ்சல் மழை இரண்டையும் சேர்த்தே நனைத்தது. ஆகையால் ஒரு படி இன்னும் தொலைவில் இருப்பது நலம். சென்னை பெருங்குடியில் மாநிலத் தரவு மையம் நடத்தும் எல்காட் நிறுவனம், பேரிடர் மீட்பு மையத்தைத் திருச்சியில் அமைத்திருப்பதன் காரணம் இதுவே. சிறு நிறுவனம் ஒரு வன்வட்டை மாதந்தோறும் வேறு மாவட்டத்துக்கு அனுப்பி வைத்தாலும் விதி நிறைவேறும்.

வீடு கைமாறியபோது

வாடகை வீட்டின் உண்மையான சோதனை வீடு விற்கப்படும்போது வருகிறது. 2023 நவம்பர் 22-ஆம் நாள் வீஎம்வேரை பிராட்காம் நிறுவனம் விலைக்கு வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமங்களின் விற்பனை நின்றது. இனிச் சந்தா மட்டுமே என்றார்கள். பல பொருள்கள் சில தொகுப்புகளாகக் கட்டப்பட்டன. தேவையில்லாதவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேர்ந்தது எனப் பல நாடுகளில் வாடிக்கையாளர்கள் முறையிட்டனர். சிறு அலுவலகங்களும் மாணவர்களும் நம்பியிருந்த இலவசப் பதிப்பு 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் மீண்டும் வந்தது. ஏழாம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் நாளோடு முடிந்தது.

தன் பொருளுக்கு விலை வைப்பது விற்பவரின் உரிமை. அம்மென்பொருளின் தரத்திலும் எனக்கு ஐயமில்லை. குறை வாங்கியவரிடமும் உள்ளது. குடிபுகும்போதே வெளியேறும் வழியை அவர் பார்க்கவில்லை. ஐந்து வேலைகளும் ஒரே வீட்டுக்காரரிடம் இருந்தால், வாடகை உயர்வை ஏற்பதா இல்லையா என்னும் பேச்சுக்கே இடமில்லை.

வெளியேற வழி உண்டு. கே.வி.எம். என்னும் ஹைப்பர்வைசர் 2007 முதல் லினக்ஸ் கருவகத்தின் பகுதியாகவே இருக்கிறது. அதன்மேல் எழுந்த பிராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. விரும்பினால் ஆதரவுக்கு மட்டும் பணம் கட்டலாம். ஆனால் கட்டணமில்லை என்பதால் செலவில்லை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். உரிமத்தில் மிச்சமாவதை ஓர் ஆளைப் பயிற்றுவிக்கச் செலவிட வேண்டும். அத்தகைய ஆளைத் தேடிச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகிறது. இரு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் உள்ளன.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவ நண்பர்களே, இதைப் படித்ததோடு விட்டுவிடாதீர்கள். 8 கிகாபைட் நினைவகமுள்ள பழைய கணிப்பொறி ஒன்று கிடைத்தால் லினக்ஸ் நிறுவி அதில் ஒரு மெய்நிகர் கணிப்பொறியை உருவாக்குங்கள். உள்ளே சில கோப்புகளை வையுங்கள். அதை வெளி வட்டு ஒன்றில் நகலெடுங்கள். பிறகு மூலத்தைத் துணிந்து அழித்துவிட்டு, நகலிலிருந்து மீட்டெடுங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று, என்ன விட்டுப்போயிற்று என்று குறித்து வையுங்கள். முதல் முறை பெரும்பாலும் ஏதாவது விட்டுப்போகும்.

நாளை நீங்கள் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்போது அதே கேள்வியை அங்கே கேளுங்கள்: “நகலிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?” பதில் வரத் தாமதமானால், இரண்டாவது சேவையகத்தின் விலையைக் கேட்கும் முன்பு அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நகலென்று கணக்கில் எழுதக் கூடாது.