ஆத்து வளைவும் வரைந்த கையும்

வாஷிங்டனில் 2004ல் திறந்த அமெரிக்கப் பூர்வகுடியினர் தேசிய அருங்காட்சியகத்தை 'காத்தும் தண்ணியும் அரித்த பாறை' என்று புகழ்கிறார்கள். நான் படங்களில்தான் பார்த்திருக்கேன். சுத்தியும் நேர்கோட்டுக் கட்டடங்கள், பக்கத்தில் நாடாளுமன்றம். நடுவே இது மட்டும் மஞ்சள் கல்லில், அடுக்கடுக்காய் வளைந்து நிற்கிறது. அந்த அதிகார வரிசையில் நேராக நிற்கமாட்டேன் என்கிற திமிர் எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆனா வரைஞ்சவர் கதை வேற. டக்ளஸ் கார்டினல், கனடாவின் பூர்வகுடி வழிவந்தவர். 1989ல் ஒட்டாவா ஆற்றங்கரையில் திறந்த, இதே போல் வளைந்தோடும் அருங்காட்சியகமும் அவர் வடிவமைத்ததே. வாஷிங்டன் வேலையிலிருந்து 1998ல் ஒப்பந்தத் தகராறு என்று அவரை நீக்கினார்கள். அவர் வடிவத்தை வைத்துக்கொண்டு மற்றவர்கள் கட்டி முடித்தார்கள். கை வேணும், ஆள் வேணாம். நமக்கு இது புதுசா?

வடபக்கம் தண்ணீர் ஓடவிட்டிருக்காங்க. முன்பு அங்கே ஓடிய டைபர் ஓடையின் நினைவாம். அந்த ஓடையை 19ஆம் நூற்றாண்டிலேயே மண்ணுக்குள் மூடியாச்சு. எங்க சனத்துக்குக் கீழ்த்துறையை ஒதுக்கிய ஊர்க்காரன் நான். ஓடுற தண்ணி அழகுன்னு மட்டும் சொல்லிட்டுப் போக வாய் வரல.

கல்லையும் கேட்கணும். அது மினசோட்டாவின் கசோட்டா சுண்ணாம்புக்கல். கசோட்டாவுக்குப் பக்கத்து ஊர் மான்காட்டோ. அங்கேதான் 1862 டிசம்பர் 26ல் டகோட்டா மக்கள் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். நான் படிச்ச விமர்சனங்கள் கல்லின் நிறத்தோடு நின்னுபோச்சு.