போற்றித் திருவகவலிற் கருவின் பயணமும் இன்றைய முளையவியலும்

கிழக்கிலங்கையின் காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியருமானவர். சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளை அலகு, விகிதம், எண் என்பவற்றால் அளந்து அவர் இயற்றிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. பழம்பனுவலை விஞ்ஞானத்தின் துணையோடு படிக்கலாம் என்பதற்கு அதனினுஞ் சிறந்த சான்று தமிழில் அரிது. ஆயின் அம்முயற்சி வென்றதற்கு ஒரு காரணம் உண்டு. அரங்கேற்று காதையின் இசைப்பகுதி தன்னளவிலே ஒரு கலைநுட்ப நூற்பகுதி, அளக்கப்படுவதற்கென்றே அமைந்தது. அந்த அளவுகோலை எல்லாப் பாட்டின் மீதும் வைக்கலாமா என்பதே இங்கு எழும் வினா.

திருவாசகத்துப் போற்றித் திருவகவல் இவ்வினாவுக்கு ஏற்ற களம். மாணிக்கவாசகர் அங்கே மானுடப் பிறவி தாயின் உதரத்திற் புகுந்தது தொடக்கம் பத்தாந் திங்கள் ஈறாக, திங்களுக்கோர் இடர் வகுத்து, ஒவ்வொன்றினின்றும் உயிர் தப்பியதைப் பதின்மூன்று அடிகளிற் பாடுகின்றார். இப்பகுதியை எடுத்துக்காட்டி, நுணுக்குக்காட்டி இல்லாத காலத்திலேயே வாதவூரர் முளையவியலை முற்றாக உணர்ந்திருந்தார் என மேடைகளிற் கூறுவது வழக்கமாகிவிட்டது. முதலிற் கூறப்படும் கிருமிகளின் போர் விந்தணுக்களின் போட்டியாம். முதல் திங்களில் தான்றிக்காய் போல இரண்டாதல் கலப்பிரிவாம்.

இக்கூற்றைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். கருக்கட்டிய சூல் முதன்முதல் இரண்டாகப் பிரிவது ஏறத்தாழ 30 மணி நேரத்தில். ஒரு திங்களில் அன்று. திங்கள் ஒன்று முடியுமுன்னரே, 22ஆம் நாளளவில், இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகின்றது. எட்டாம் வாரம் முடிவதற்குள் உறுப்புகளின் அடித்தளம் இடப்பட்டு, முளையம் என்ற பெயர் நீங்கி முதிர்மூலவுரு என்ற பெயரைக் கரு பெறுகின்றது. (முளையம் என்னும் கலைச்சொல்லில் வயல்நிலத்தின் மணம் வீசுகின்றது, முதிர்மூலவுருவில் அகராதியின் மணமே வீசுகின்றது.) இவையெல்லாம் இரண்டு திங்களுக்குள் நிகழ்ந்து முடிபவை. அகவலோ பத்துத் திங்களுக்கும் இடரைப் பங்கிட்டுக் கொடுக்கின்றது.

பங்கிட்டவர் யார் என்று பார்த்தால், மருத்துவர் அல்லர், எதுகையே. அஞ்சு என்ற எண் முஞ்சுதலை, அஃதாவது மடிதலை, அழைக்கின்றது. ஆறு ஊறினையும், ஏழு தாழ்தலையும், எட்டு கட்டத்தையும், ஒன்பது துன்பத்தையும் அழைக்கின்றன. எண்ணுப்பெயரின் ஓசையே அந்தத் திங்களின் இடரைத் தேர்ந்துவிடுகின்றது. ஐந்தாந் திங்களில் மடிவு மிகுதி என்று கண்டறிந்து எவரும் இவ்வடியை யாக்கவில்லை. வெளிப்படத் தெரியும் கருச்சிதைவுகளிற் பெரும்பாலானவை முதல் மூன்று திங்களுள்ளேயே நிகழ்கின்றன என்பது இன்றைய மருத்துவம். எதுகையும் உண்மையும் ஓரிடத்திற் சந்திக்கின்றன என்பதையும் மறைத்தலாகாது. ஏழாந் திங்களிற் புவிக்கு நழுவிவிடும் குறைப்பிரசவத்தின் அச்சம் மெய்யானதே; நுரையீரல் முதிராத அக்குழவி அக்காலத்திற் பிழைப்பது அரிது. அதனை ஊர் மருத்துவிச்சி எவளும் அறிவாள்.

கிருமிப் போருக்கு வருவோம். விந்தணுவை நுணுக்குக்காட்டியில் லீவன்ஹூக் கண்டது 1677இல். பாலூட்டிகளின் சூலை வொன் பேயர் கண்டது 1827இல். இக்காலக் கணக்கை ஒரு புறம் வைத்தாலும், பாட்டின் இலக்கணமே அப்பொருளுக்கு இடங்கொடுக்கவில்லை. போரில் வென்றதாக அங்கே கூறப்படவில்லை. போரினின்று பிழைத்ததாகவே கூறப்படுகின்றது. போரிடுவன வேறு, பிழைத்தது வேறு. தாயின் உதரத்தினுள் ஏற்கெனவே இருக்கின்ற உயிர், தன்னைச் சூழ்ந்த புழுக்களுக்கு இரையாகாமல் தப்பியது என்பதே நேர்ப்பொருள். உடலுக்குள்ளே புழுக்கள் வாழ்கின்றன என்பது பழைய மருத்துவத்தின் பொதுக் கொள்கையாதலின், அடியார் அதனை எடுத்தாண்டார் என்று கொள்வதில் இழுக்கில்லை.

திருமந்திரத்தின் கருவுற்பத்திப் பகுதியை இதனோடு ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். மூச்சு வலப்பால் ஓடின் ஆண் மகவு, இடப்பால் ஓடின் பெண் மகவு என்று திருமூலர் காரணகாரியம் காட்டுகின்றார். அது சோதிக்கத்தக்க கூற்று, சோதித்தால் தவறுவது. மகவின் பாலைத் தீர்மானிப்பது விந்தணு கொணரும் நிறமூர்த்தமே என்பது 1905இல் நெற்றி ஸ்ரீவன்ஸ், எட்மண்ட் வில்சன் ஆகியோரின் ஆய்வுகளால் துலங்கிற்று. திருமூலர் விளக்க முற்பட்டார், ஆதலின் பிழைபட்டார். வாதவூரர் விளக்க முற்படவேயில்லை. அவரை விஞ்ஞானியாக்குவோர், அவர் எழுதாத பரீட்சையில் அவருக்குப் புள்ளி வழங்குகின்றனர். காரைதீவுக்கு வடக்கே சாய்ந்தமருதிலும் தெற்கே நிந்தவூரிலும் திருக்குர்ஆனின் 23ஆம் அத்தியாயம் கூறும் கருவின் படிநிலைகள் பற்றி இத்தகைய உரையாடல் உண்டு. அது அத்துறை கற்றோர் ஆராய்தற்குரியது.

அங்ஙனமாயின் இப்பகுதியின் சிறப்பு யாது? பிழைத்தும் என்ற எச்சம் கருவறையோடு நிற்கவில்லை. பசி, உறக்கம், கல்வி, செல்வம், வறுமை என வாழ்வு முழுவதற்கும் அதுவே தொடர்கின்றது. ஈற்றிற் சமயவாதிகளின் ஆரவாரமும் மாயாவாதமும் உலோகாயதமும் வந்து நிற்கின்றன. தாயின் உதரத்துப் புழுவும் தருக்கவாதியின் நாவும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. எண்ணிப் பார்ப்பின் இது துணிந்த செயல். பிறந்தவர் யாவரும் தப்பியவரே என்னும் நினைவைத் திங்கள் எண்ணும் ஓசை நெஞ்சிற் பதிக்கின்றது. மறதிக்கு இடங்கொடாமல் அடிதோறும் அதே சொல்லைக் கொண்டு இடிக்கின்றது.

ஒன்பது திங்களுக்கும் ஓரோர் அடி வகுத்தவர், பத்தாந் திங்களுக்கு மட்டும் இரண்டடி தருகின்றார். பத்து என்ற கணக்கும் வெறுங் கவிமரபன்று. இறுதி மாதவிலக்கிலிருந்து எண்ணும் 280 நாள்கள் 28 நாட் கொண்ட பத்துத் திங்கள். பிறைக் கணக்கிலும் அது பத்தாந் திங்களின் நடுவிலே விழும். இவ்விரண்டடியிலேதான் தாய் என்ற சொல் வருகின்றது. தொடக்கத்தில் மாதா என்பவள் உதரத்துக்கு உரியவள் மாத்திரமே. உயிர் தங்கும் இடத்தின் பெயர். இடைப்பட்ட திங்கள்களில் அவள் பெயர் எங்குமில்லை. இஃது ஒரு குறையெனச் சொல்லலாம். பட்டினத்தார் அன்னையின் ஈமத்தில் நின்று பாடியவற்றிற் சுமந்தவளே முதன்மை. அகவலிற் சுமக்கப்பட்டதே முதன்மை. ஆனால் பத்தாந் திங்களில் உயிர் தனியே துன்புறவில்லை, தாயொடு துன்புறுகின்றது. மூன்றாம் வேற்றுமையின் ஒடு உருபு உயர்ந்ததன் பெயரோடு சேர்ந்து வரும் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஆசிரியரொடு மாணாக்கர் வந்தார் என்பதே மரபு. மகவொடு தாய் என்னாது தாயொடு தான் என்றமையால், துயர்க் கடலில் உயர்ந்தவள் எவள் என்பது ஓர் உருபினாலே உணர்த்தப்பட்டுவிட்டது.

அந்தக் கடல் உருவகம் மட்டுமன்று. 1940களின் முற்பகுதியில் இலங்கையில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர்; 2010களில் அத்தொகை நாற்பதுக்குக் கீழிறங்கியது. குடும்பநல மாது வீடுதேடி வருமுன்னர், காரைதீவின் மண்வீடுகளில் இந்த அகவலைக் கேட்ட பெண்களுக்குத் தாயொடு என்ற சொல்லுக்கு உரைகாரர் தேவைப்பட்டிரார். அடுத்த அறையிலே அதன் பொருள் கிடந்து முனகியிருக்கும்.