முந்தானையிலிருந்து தறிக்குழிக்கு

ஆரணிப் பட்டுக்கு வடிவமைப்பாளர் ஒருவர் வந்தால் அவரிடம் முதலில் கேட்பது புதிய புட்டாதான். அதன் பிறகு கரைக்கு ஒரு கொடி, முந்திக்கு ஒரு மயில், இந்த முகூர்த்தக் காலத்தில் எந்த நிறம் போகும் என்ற யோசனை. பெரணமல்லூர், தேவிகாபுரம் என்று ஆரணியைச் சுற்றியிருக்கும் ஊர்கள் வடிவமைப்பை இப்படித்தான் அறிந்திருக்கின்றன. சாயத் தொட்டியைப் பாருங்கள், மழைத் தண்ணீர் ஊறும் தறிக்குழிக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று அவரை யாரும் அழைப்பதில்லை. பருவநிலை நெருக்கடிக்கு முன் கலையும் வடிவமைப்பும் என்ன செய்ய முடியும் என்று தமிழகத்தில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த முயற்சிகளைப் பார்த்துக்கொண்டு வரும்போது, இந்த அழைப்பு வராமல் போனதே பெரிய குறையாக எனக்குப் படுகிறது.

முயற்சிகளுக்குக் குறைவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தது. தடையோடு மக்கள் மனமும் மாற வேண்டும் என்று 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்த பை, பின்னாளில் பட்டிக்காட்டு அடையாளம் என்று கேலிக்கு ஆளான பை, அரசு இயக்கத்தின் சின்னமாயிற்று. நல்ல தேர்வு. மக்களுக்குப் புதிதாக எதையும் கற்பிக்காமல், அவர்கள் கைவிட்டதையே எடுத்துக் கையில் கொடுத்தது. ஆனால் பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை சாதாரண நெகிழிப் பைக்கு ஈடுகட்ட 131 முறை கடைக்குப் போய்வர வேண்டும். விழாவுக்கு விழா புதுப் பை கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது. தையற்கடைத் துண்டுத் துணியிலும் பழைய புடவையிலும் தைத்த பைக்கு இந்தக் கடன் பெரிதும் குறைவு.

துண்டுத் துணி என்றதும் ஆரோவில் நினைவுக்கு வருகிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, உமா பிரஜாபதி நடத்திவந்த உபாசனா வடிவமைப்பு நிலையம் சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்குத் துணித் துண்டுகளில் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுத் தந்தது. 'சுனாமிகா' என்று பெயர் வைத்தார்கள். பொம்மைக்கு விலை வைக்கவில்லை. அன்பளிப்பாகவே கைமாறி, லட்சக்கணக்கில் பல நாடுகளுக்குப் போயிற்று. அதைச் செய்த பெண்களுக்கு அந்தப் பொம்மை கடலிடம் பட்ட அச்சத்திலிருந்து மீள ஒரு வேலையாகவும் இருந்தது. பேரிடருக்குப் பிந்தைய வடிவமைப்பு என்றால் இதைவிட எளிய, இதைவிடக் கனிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இவையெல்லாம் பொருளை வடிவமைத்தவை. பொருள் உருவாகும் வழியையும் அது முடிந்துபோகும் வழியையும் வடிவமைப்பதுதான் கடினம். 1958-ல் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் நம் வீட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். கையில் எப்படி உட்கார்கிறது, இடுப்பில் எப்படி நிற்கிறது என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. உடைந்துபோனால் அந்த உலோகத்துக்கு என்ன மதிப்பு என்றும் கேட்டார்கள். 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது அந்த அறிக்கையின் பலனாகத்தான்.

அதே கேள்வியைப் பட்டுப் புடவையிடம் கேட்டால் நம்மவர்கள் எவ்வளவு முன்பே விடை வைத்திருந்தார்கள் என்பது புரியும். பட்டு நூல் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது அசல் ஜரிகை. முப்பது நாற்பது ஆண்டு கட்டி, மகளுக்குக் கொடுத்து, கிழிந்த பிறகும் அந்தப் புடவைக்கு மதிப்பு போகாது. பழைய பட்டுப் புடவை வாங்குவதாகத் தெருவில் கூவி வருபவர் அதிலுள்ள வெள்ளிக்குத்தான் காசு தருகிறார். உலோகப் பூச்சுப் பூசிய பாலியெஸ்டர் இழை ஜரிகையின் இடத்துக்கு வந்தபோது புடவை மலிந்தது. கூடவே, புடவையின் முடிவு உருக்குப் பட்டறையிலிருந்து குப்பைமேட்டுக்கு மாறிவிட்டது. அந்த இழையைத் தேர்ந்ததும் ஒரு வடிவமைப்பு முடிவுதான்.

இனி சாயப்பட்டறைக்கு வருவோம். மின்சாரம் இல்லாமல் ஓடும் தறி என்பதால் கைத்தறியை இயற்கைக்கு இசைந்த தொழில் என்று மேடைதோறும் சொல்கிறோம். தறியைப் பொறுத்தவரை உண்மை. அந்தத் தறிக்கு வரும் நூல் வெந்நீரில் வெந்து, சாயத்தில் ஊறித்தான் வருகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அது கரைந்து போனால்தான் பட்டுக்குப் பளபளப்பும் குழைவும் வரும். கரைந்த பசை நீரோடு போகிறது. போகும் இடத்தில் நீரின் உயிர்வளியைத் தின்கிறது. அதன் பிறகு சாயம், அலசல், மறுபடி அலசல். ஒவ்வொரு கட்டத்துக்கும் விறகும் தண்ணீரும் வேண்டும்.

சாயநீரைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யல் ஆறு இருக்கிறது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் அங்கே வந்தன. இரண்டு மூன்று தொட்டி வைத்துப் பட்டுக்குச் சாயம் போடும் சிறு பட்டறைக்கு அந்தத் தீர்வு கட்டுப்படியாகாது. சிறு அளவுக்கென்றே யோசித்த கருவிகள் வேண்டும்: சூட்டை விரயமாக்காத அடுப்பு, முதல் அலசலுக்குக் கடைசி அலசல் நீரையே எடுத்துக்கொள்ளும் தொட்டி வரிசை, செரிசினைத் தனியே பிரித்தெடுக்கும் முறை. அழகுசாதனத் தொழில் செரிசினை விலை கொடுத்து வாங்குகிறது. அடுப்புக்கான எரிபொருளுக்கும் இங்கேயே வழி இருக்கலாம்: ஆரணிக்குப் பட்டால் மட்டுமல்ல, அரிசியாலும் பெயர் உண்டு. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. புழுங்கல் அவிக்க ஆலைகளே அதில் பெரும்பகுதியை எரித்துக்கொள்கின்றன என்றாலும், மிஞ்சுவது சாய அடுப்புக்கு வருமா என்று ஒரு வடிவமைப்பு மாணவர் ஒரு பருவம் முழுக்க இங்கே தங்கிப் பார்க்கலாம். கர்நாடகத்தில் பட்டு நூற்பு அடுப்புகளுக்கு விறகை வாயுவாக்கி எரிக்கும் உலைகளைப் பொருத்தி, எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரி 1990களிலேயே வேலை செய்திருக்கிறது.

இயற்கைச் சாயத்தை எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதற்கும் விறகும் நீரும் வேண்டும், படிகாரமும் வேண்டும். ஆனால் திண்டிவனம் பக்கம் விளையும் அவுரியின் கதை வேறு. தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளிக்கவைக்கும் அவுரித் தொட்டிக்குக் கொதிநீர் தேவையில்லை. நன்றாகப் பேணினால் தொட்டியை மாதக்கணக்கில் கொட்டாமல் வைத்திருக்கலாம். ஆரோவில்லின் 'கலர்ஸ் ஆஃப் நேச்சர்' 1993 முதல் இந்த வழியைத்தான் பின்பற்றிவருகிறது.

தறிக்குழிக்கு வருகிறேன். குழித்தறியில் நெசவாளி தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டையை மிதிக்கிறார். மண்ணின் ஈரம் பாவு இழையை முறியாமல் வைத்திருக்கிறது. கோடை வெயிலில் அந்தக் குழிதான் குளிர்ச்சி. ஆனால் அடைமழையில் ஊற்றுநீர் ஏறினால் முதலில் நிரம்புவதும் அதே குழி. காற்றில் ஈரம் கூடினாலும் பாவு தொய்ந்து வேலை நின்றுவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது திருவண்ணாமலை மாவட்டம் முழுக்கக் கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள். துண்டுக்குக் கூலி வாங்குபவருக்குத் தறி நின்ற நாள் வருமானமில்லாத நாள். தறியைச் சட்டத்தில் ஏற்றித் தரைக்கு மேலே கொண்டுவரலாம்; அப்போது கோடையின் ஈரமும் குளிர்ச்சியும் போய்விடும். நீர் ஊறாத குழிச்சுவர், கோடையில் மட்டும் நனைத்துக்கொள்ளும் மணற்படுகை, வீட்டின் தளத்தையே அரை அடி உயர்த்துவது, தகரக் கூரைக்கடியில் ஓலைத் தட்டி என்று யோசிக்க எவ்வளவோ இருக்கிறது. பாவு ஓட்டும் தெருவுக்கும் இதே கவனம் வேண்டும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி போட நிழல் தரும் மரம் தேவை. தெருவை அகலப்படுத்த மரத்தை வெட்டும் திட்ட வரைபடத்தில் நெசவு ஒரு கோடாகக்கூட இருப்பதில்லை.

இதற்கெல்லாம் வெளியிலிருந்துதான் மேதை வர வேண்டும் என்பதில்லை. தெலங்கானாவின் போச்சம்பள்ளி நெசவில், ஊடை இழையைக் கையால் ஆயிரக்கணக்கான முறை ஆணிகளில் சுற்றும் 'ஆசு' வேலையில் தாய் லட்சுமியின் தோள் வலியைக் கண்ட சிந்தகிந்தி மல்லேசம், 1999-ல் அதற்கொரு இயந்திரம் செய்தார். 2017-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் வந்த 35 லட்சம் பேரில் பெரும்பாலோர் பெண்கள். தார் சுற்றுபவரும் பாவு பிணைப்பவரும் என்ன வடிவமைப்பார்கள் என்று கேட்கவே நாம் இன்னும் தொடங்கவில்லை. காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. புதிய புட்டாவுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கையேனும் தறிக்குழிக்கும் அடுப்புக்கும் ஒதுக்க அவற்றால் முடியும்.

வாங்குபவரிடம் இதைச் சொல்ல ஒரு வழி ஏற்கெனவே உண்டு. பட்டு அசல் என்பதற்கு 2004 முதல் சில்க் மார்க், கையால் நெய்தது என்பதற்கு 2006 முதல் கைத்தறி முத்திரை, ஊருக்குப் புவிசார் குறியீடு. கோ-ஆப்டெக்ஸ் ஒருபடி மேலே போய், நெய்தவரின் படத்தையும் பெயரையும் புடவையோடு இணைத்தது. அதே அட்டையில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம்: இந்த நூல் எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது, அங்கே கழிவுநீர் எங்கே போகிறது. ஆரணிச் சரகத்தின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று முன்வந்து அந்த அட்டையை அச்சடித்தால், வாங்குபவர் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சாயப்பட்டறைக்கும் தறிக்காரருக்கும் எந்த விகிதத்தில் போகும் என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.