கசிவின் ஊற்று

இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த குவாட் II வால்வு ஆம்ப்ளிஃபையரின் திறன் 15 வாட்தான். ஆனாலும் பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் குரல் ஒலிக்கும்.

வயதான குவாடில் அடிக்கடி காணும் கோளாறு ஒன்று உண்டு. பழைய கப்ளிங் கெப்பாசிட்டர் கசியும். கேடி66 வால்வின் கிரிட்டில் வேண்டாத நேர்மின்னழுத்தம் ஏறும். வால்வு அளவுமீறி மின்சாரம் இழுத்துக் கொதிக்கும். 180 ஓம் கேதோடு ரெசிஸ்டர் கருகும். கருகியதை மட்டும் மாற்றினால் அது மறுபடியும் கருகும். தேர்ந்த கை மீட்டர் முனையால் கிரிட்டைத் தொட்டு, கசிவின் ஊற்றைக் கண்டுபிடிக்கும்.

புதுக் கெப்பாசிட்டர்களைப் பற்றவைத்து மின்சாரம் கொடுத்ததும் வால்வுகளில் செம்மஞ்சள் ஒளி மெல்லப் பூக்கும். எழுபது வயதுப் பொருள் மீண்டும் பாடத் தொடங்கும் அந்த நிமிடத்துக்கு ஈடே இல்லை.