ஒரு ஹெட்போன், மூன்று ஒலிகள்: பைப்வயரை எப்படி ரசிப்பது?

பாட்டு ஓடுகிறது, மீட்டிங்கில் ஒருவர் பேசுகிறார், நடுவே மெயில் வந்ததாக ஒரு ‘டிங்’. மூன்றும் ஒரே ஹெட்போனில் முட்டிமோதாமல் கேட்கின்றன. லினக்ஸில் இது லேசில் கிடைத்த வசதி அல்ல. முன்பெல்லாம் ஒரு புரோகிராம் சவுண்ட் கார்டைப் பிடித்துக்கொண்டால், அது விடும்வரை பல கம்ப்யூட்டர்களில் மற்றவற்றால் வாய் திறக்க முடியாது. ஸ்டுடியோக்காரர்களுக்குப் பால் டேவிஸ் ‘ஜாக்’ என்ற ஒலி சாஃப்ட்வேரை எழுதினார். வீட்டு உபயோகத்துக்கு 2004-இல் லென்னார்ட் பெட்டரிங்கின் ‘பல்ஸ்ஆடியோ’ வந்தது. இரண்டு பேரின் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது விம் டேமன்ஸ் தொடங்கிய ‘பைப்வயர்’. 2021-இல் லினக்ஸ் பதிப்பான ஃபெடோரா 34 ஒலிப் பொறுப்பை அதனிடமே கொடுத்துவிட்டது.

நன்றாக வேலை செய்யும்போது இந்த சாஃப்ட்வேர் இருப்பதே தெரியாது. அதை ரசிக்க வேண்டுமானால் கொஞ்சம் சீண்ட வேண்டும்.

கூட்டலைக் கேளுங்கள். மிக்ஸிங் என்பது வெறும் கூட்டல்தான். நொடிக்கு 48,000 முறை, ஒவ்வொரு ஒலியிலிருந்தும் ஓர் எண்ணை எடுத்துக் கூட்ட வேண்டும். 16 பிட் ஒலியில் உச்ச எண் 32,767. பாட்டு 20,000, பேச்சு 15,000 என்றால் கூட்டுத்தொகை 35,000, எல்லை தாண்டிவிட்டது. மிஞ்சியதை வெட்டினால் அலையின் தலை தட்டையாகி, காதில் கரகரக்கும். பைப்வயர் 32 பிட் மிதவைப்புள்ளி எண்களில் கூட்டுவதால் நடுவில் எவ்வளவு ஏறினாலும் சேதமில்லை. வெட்டு விழுந்தால் கடைசியில்தான். வால்யூம் கன்ட்ரோலில் சத்தமான பாட்டு ஒன்றை மட்டும் 100 சதவீதத்துக்கு மேல் ஏற்றுங்கள். ஹெட்போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு, டிரம்ஸ் அடிகளைக் கவனியுங்கள். கரகரப்பு முதலில் அங்கேதான் எட்டிப்பார்க்கும்.

கேட்காததையும் கவனியுங்கள். சிடி பாட்டில் நொடிக்கு 44,100 எண்கள். வீடியோவில் பெரும்பாலும் 48,000. அப்படியே கலந்தால் பாட்டு வேகமெடுத்து, சுருதி ஏறிவிடும். அதனால் பாட்டின் ஒவ்வொரு 147 எண்களுக்கும் 160 புது எண்களைக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். சுருதி அசையாமல் கேட்கிறதா? வேலை ஒழுங்காக நடக்கிறது.

தாமதத்தை அளந்து பாருங்கள். எண்கள் கட்டுக்கட்டாகப் போகின்றன. ஒரு கட்டுக்கு 1,024 என்றால் சுமார் 21 மில்லிசெகண்ட். ஸ்பீக்கரிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். படம் பார்க்க இது போதும். கீபோர்டு வாசிப்பவருக்கோ கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்றாகிவிடும். கட்டை 128-க்கு இறக்கினால் மூன்று மில்லிசெகண்டுக்கும் குறைவு. இன்னும் இறக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் கம்ப்யூட்டர் மூச்சுவாங்கி, ‘டப் டப்’ என்று ஒலி அறுபடும். அங்கிருந்து ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் கீபோர்டு வாசிக்க ஏற்ற அளவு அதுதான்.